வீரையனின் உச்சவரம்பு

வீரையன் ஏழடி உயரம். அவனுக்குப் பிறந்த ஊர் கிடையாது, அப்பா அம்மா கிடையாது. முகம்கூடக் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு குலுக்கலில் ஒட்டிவைத்த கண்ணும் மூக்கும்தான். அவன் இருந்த இணைய விளையாட்டு அவனுக்கு வைத்த பெயர் தேவிந்தர் பட்நாயக். பஞ்சாப் பெயரின் வாலில் ஒடிசாப் பெயரைக் கட்டி, இந்தியன் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்து அதை நடத்துகிறவர்களுக்கு அதற்குமேல் என்ன தெரியும்? ஊர் எல்லையில் அரிவாளும் மீசையுமாக நிற்கிற வீரையன் சாமியை நினைத்து, அவனைத் தன் டீமில் வைத்திருந்த பரிதிதான் வீரையன் என்று கூப்பிட ஆரம்பித்தான்.

அந்த வீரையனை அரவிந்தன் கெடுத்த கதை இது. கூடவே வேறொன்றையும் கெடுத்தான். அதுவும் வரும்.

விளையாட்டு பேஸ்கட்பால். ஆனால் பந்தை யாரும் தொடுவதில்லை. ஆளுக்கொரு கிளப். யாரைச் சேர்ப்பது, யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று இணையத்தில் எழுதிவைத்துவிட்டால் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். நம் கையில் இருக்கிற பெரிய வேலை பயிற்சிதான். வாரத்துக்கு ஒரே ஒரு திறமைக்குப் பயிற்சி கொடுக்கலாம். ஷூட்டிங் என்றால் ஷூட்டிங், பாஸிங் என்றால் பாஸிங். அந்தத் திறமைக்குரிய இடத்தில் நின்று முழு ஆட்டமும் ஆடியவனுக்குத்தான் ஏறும். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் யார் எங்கே ஆடுவது என்று பதிந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை முடிவு வரும்.

ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் வரும்போதே ஓர் அளவு உண்டு. எல்லாத் திறமையும் சேர்ந்து அந்த அளவைத் தொட்டுவிட்டால் அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் எதுவும் ஏறாது. ஏறியதை இறக்கவும் முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை; உச்சவரம்பு என்றே பரிதியும் அரவிந்தனும் சொன்னார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தாலே அரவிந்தனின் அப்பா பஞ்சநதத்துக்கு முகம் சுருங்கும். அவருடைய அப்பா காலத்தில் அந்தப் பெயர் கொண்ட சட்டத்தில்தான் நிலம் போனது. "உச்சவரம்பு, உச்சவரம்புங்கிறீங்களே, இன்னும் எதைடா புடுங்கப் போறானுங்க?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அரவிந்தனும் பரிதியும் திருக்காட்டுப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே டீமில் ஆடியவர்கள். பரிதியின் அப்பா மருதையன் ஒரு காலத்தில் பஞ்சநதத்தின் வயலில் வேலை பார்த்தவர். இப்போது குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பயிர் வைக்கிறார். சின்ன வயதில் அரவிந்தன் அவரை 'மருதையா' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், வீட்டில் எல்லோரும் கூப்பிட்டதைப்போல. பரிதி நண்பனான பிறகு 'அப்பா' என்று மாற்றிக்கொண்டான். பஞ்சநதம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் சுபாவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பரிதி நெடுநெடுவென்று வளர்ந்தவன். அதனாலேயே பள்ளிக்கூட டீமில் அவனைக் கூடைக்கு அடியில் நிறுத்திவிட்டார்கள். கையைத் தூக்கு, விழுகிற பந்தைப் பிடி, பிடித்ததை இன்னொருவனிடம் கொடு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவோ, ஆட்டத்தைப் பார்த்துப் பாஸ் கொடுக்கவோ அவனை விட்டதே இல்லை. அந்தக் குறையை அவன் வீரையனிடம் தீர்த்துக்கொண்டிருந்தான். ஏழடி ஆளைக் குட்டை ஆட்கள் ஆடும் கார்டு இடத்தில் நிறுத்தி, வாராவாரம் பாஸிங் பயிற்சி. இடம் மாறி ஆடுவதால் பரிதியின் டீம் தோற்றுக்கொண்டே இருக்கும். அவனுக்கு அது உறைத்ததே கிடையாது. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபடி அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன். காத்திருப்பது அவனுக்குப் பழகிய வேலை.

"பாஸ் கொடுக்கத் தெரிஞ்ச ஏழடி ஆளு இந்தியாவுலயே இல்லைடா. இவனுக்கு இருபத்தஞ்சு வயசாகும்போது பாரு" என்பான்.

"அதுக்குள்ள நமக்குப் பேரப்புள்ள பொறந்துரும்" என்பான் அரவிந்தன். அவன் டீம் ஷூட்டிங் டீம். சீக்கிரம் ஏறுவது எதுவோ அதுதான் அவனுக்குப் பயிற்சி. பந்தயங்களில் ஜெயிப்பான், அதைப் பரிதிக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவான்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, மோட்டாருக்குப் பேரிங் வாங்க இருவரும் அரவிந்தனின் பைக்கில் தஞ்சாவூர் போனார்கள். காலையில் மடை திறக்கக் குனிந்தபோது அரவிந்தனின் போன் வாய்க்காலில் விழுந்து செத்துவிட்டிருந்தது. சாமான் வாங்கிவிட்டுப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கும்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது, அந்த வாரம் ஆட்களைப் பதியவில்லை.

"உன் போனைக் குடு. ரெண்டு நிமிஷத்துல போட்டுர்றேன்."

"வேணாம்டா. ஒரே போன்ல ரெண்டு டீமைத் தொறந்தா ரெண்டும் ஒரே ஆளு, திருட்டுன்னு தூக்கிருவானுங்க. என் வீரையன் போயிருவான்."

"அப்ப என் டீம்?"

"ஒரு வாரம் ஏறலைன்னா குடியா முழுகிடும்? விடுடா."

அரவிந்தனால் விட முடியவில்லை. டீக்கடைக்காரரிடம் போனைக் கேட்டிருக்கலாம். அது தோன்றவில்லை. அவசரம் பிடித்தவனுக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் கண்ணில் நின்றது. பரிதி ஓட்டுகிறேன் என்று சாவிக்குக் கை நீட்டினான். லைசென்ஸ் அவனிடம்தான் இருந்தது. அரவிந்தனிடம் காலாவதியான எல்.எல்.ஆர். மட்டும். "நீ ஓட்டுனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்று சொல்லி அரவிந்தனே ஏறி உட்கார்ந்தான்.

பூதலூர் தாண்டியதும் ரோட்டில் பாதியை நெல் அடைத்துக்கொண்டிருந்தது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல்லை வழிநெடுக ரோட்டில் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல். அறுப்புக் காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, பிரேக்கை மிதித்துக்கொண்டு போக வேண்டும் என்பதும் தெரிந்த சங்கதி. பின்னாலிருந்து பரிதி தோளைத் தட்டிக்கொண்டே வந்தான். "மெதுவாடா. மெதுவாப் போ. ஆறு மணி தாண்டட்டும், ஒண்ணும் ஆயிராது." அரவிந்தன் பதிலுக்கு ஆக்ஸிலேட்டரைத் திருகினான். எதிரே ஒரு அறுப்பு மெஷின் திரும்பியது. அவன் வண்டியை ஒடித்தான். சக்கரம் நெல்லில் ஏறியது.

அரவிந்தன் நெல்லின் மேல் விழுந்தான். பரிதி கல்லின் மேல் விழுந்தான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பரிதியை உள்ளே கொண்டுபோன பிறகு பஞ்சநதம் வந்து சேர்ந்தார். மகனின் முழங்கைச் சிராய்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலை இறக்கிக் கேட்டார்.

"யாரு ஓட்டுனா?"

"நான்தான்."

"இல்ல. அவன் ஓட்டுனான்."

அரவிந்தன் அப்பாவையே பார்த்தான். அவர் மகனின் சட்டையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார். "லைசென்ஸ் இல்லாம ஓட்டி ஒருத்தனை இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டேன்னு கேஸு விழுந்தா சிங்கப்பூர் போச்சு. எழுந்தான்னா எல்லாம் நல்லபடியாப் பாத்துக்குவோம். நீ வாயைத் தொறக்காத." சிங்கப்பூர் வேலைக்கு விசா வர வேண்டிய நேரம் அது. போலீஸ்காரர் வந்து கேட்டபோது பஞ்சநதம்தான் சொன்னார். அப்படியா தம்பி என்று போலீஸ்காரர் திரும்பியபோது அரவிந்தன் தலையை ஆட்டினான். வாயைத் திறக்கவில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

அதோடு முடிந்திருந்தால்கூட அவன் எப்படியோ தாங்கியிருப்பான். மறுநாள் மருதையன் வராந்தாவில் பஞ்சநதத்தின் எதிரே வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "என் புள்ள வண்டியை ஒழுங்கா ஓட்டாம உங்க புள்ளையையும் சேத்து விழ வெச்சுட்டான் ஐயா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பஞ்சநதம் அவர் தோளைத் தட்டி, "விடு மருதையா, யாரு வேணும்னு செய்வா" என்றார். பக்கத்தில் கட்டுப் போட்ட முழங்கையோடு அரவிந்தன் நின்றான். பரிதியின் அம்மா அம்சம் மட்டும் அவனையே பார்த்தாள். "அவன் வேகமா ஓட்ட மாட்டானே தம்பி" என்றாள். அழுகையில் சொன்னது. பதில் கேட்டுச் சொன்னதுபோலவும் இருந்தது.

பரிதி கண் திறக்காமல் கிடந்தான். தலையில் ஆபரேஷன் ஆயிற்று. எப்போது எழுவான், எவ்வளவு தூரம் தேறுவான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அரவிந்தன் தினமும் போனான். நண்பன் எழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அந்த வேண்டுதல் உண்மை. எழுந்து பேசினால் என்ன ஆகும் என்று பயந்தான், அதுவும் உண்மை. வார்டுக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் முதலில் பரிதியின் வாயைத்தான் பார்ப்பான்.

பரிதியின் போன் அவன் சட்டைப் பையில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடைத்தது. மருதையன் அதை அரவிந்தனிடம் கொடுத்தார். "இதுல என்னென்னமோ வந்துக்கிட்டே இருக்கு தம்பி. எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்க வெச்சுக்கங்க, அவன் எழுந்தா குடுங்க."

திறந்தால் விளையாட்டின் அறிவிப்புகள். நெடுநாள் எட்டிப்பார்க்காத டீமை மூடிவிடுவார்கள், ஆட்களை ஏலத்தில் விட்டுவிடுவார்கள். அரவிந்தன் தன்னுடைய புதுப் போனைத் தொடாமல், பரிதியின் போனிலேயே இரண்டு டீமையும் திறந்தான். வீரையனைக் கார்டு இடத்தில் நிறுத்தி, பாஸிங் என்று போட்டு, கூடவே தன் ஆட்களையும் பதிந்தான். ஏன் அப்படிச் செய்தான் என்றால், பிடிபட்டால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. யாராவது ஒருவர் எதற்காகவாவது அவனைப் பிடித்துத் திருடன் என்று சொன்னால் போதும்.

யாரும் பிடிக்கவில்லை. மறு வாரமும் பிடிக்கவில்லை. அந்த விதியைப் பார்க்க ஆளே கிடையாது போலிருந்தது. அன்றைக்கு டீக்கடையில் பரிதியின் போனிலேயே இரண்டு நிமிஷத்தில் பதிந்துவிட்டு, இன்னொரு டீ சொல்லி, நிதானமாகக் கிளம்பியிருக்கலாம். இது புரிந்த அன்று அரவிந்தன் சாப்பிடவில்லை. உடம்பு சரியில்லையா என்று அவன் அம்மா தங்கமணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐப்பசி மழை கொட்டி, நட்ட சம்பா பயிர் தண்ணீருக்குள் போய் வெளியே வந்தது. போலீஸில் ஓட்டியவனின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்த வாரம்தான் பரிதியின் பெயருக்கு விளையாட்டில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஷஹ்பாஸ், ஹைதராபாத்காரர். விளையாட்டுக்குள் இருக்கிற இந்திய இளைஞர் அணிக்கு மேனேஜராக எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். உங்கள் ஏழடிப் பையனைப் பார்த்தேன், ஷூட்டிங் மட்டும் கொஞ்சம் ஏறினால் இந்தியாவுக்கு எடுத்துக்கொள்கிறேன், வயது தாண்டுவதற்குள் முடியுமா என்று கேட்டிருந்தார்.

பரிதி இருந்தால் இரண்டு வரியில் முடியாது என்று எழுதியிருப்பான். அரவிந்தனுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் அவன் மனம் வேறு கணக்குப் போட்டது. பாஸிங்கோ வாரத்துக்கு இம்மியளவுதான் ஏறுகிறது, ஏறியது கண்ணுக்கே தெரிவதில்லை. பரிதி கண்ணைத் திறக்கும்போது காட்ட ஒன்று வேண்டாமா? வீரையன் பெயருக்குப் பக்கத்தில் இந்தியக் கொடி இருந்தால்? டேய், நீ படுத்திருந்தப்ப உன் ஆளை இந்தியாவுக்கு ஆட வெச்சிருக்கேன் பாரு என்று சொல்லலாம். சொன்னால் அவன் சிரிப்பான். சிரித்தவன் மற்றதைப் பற்றிப் பேச மாட்டான்.

நாம் தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லிவிடலாம், அது லஞ்சம். அரவிந்தன் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டான். கொஞ்சம் அன்பும் இருந்தது.

பாஸிங்கை எடுத்துவிட்டு ஷூட்டிங் போட்டான். முதல் வெள்ளிக்கிழமையே எண் ஏறியது. அடுத்த வாரம் மறுபடி. பார்க்கப் பார்க்க வெறி பிடித்தது. ஆட்டங்களும் ஜெயிக்க ஆரம்பித்தன. வருஷக்கணக்காகத் தோற்ற டீம் பட்டியலில் மேலே வந்தது. வீரையனின் பக்கத்தில் உச்சவரம்பு நெருங்குகிறது என்று மஞ்சள் கோடு விழுந்தபோது அரவிந்தன் கொஞ்சம் யோசித்தான். இன்னும் ஒரே ஒரு படி வேண்டும் என்று ஷஹ்பாஸ் எழுதியிருந்தார். ஒரு படிதானே என்று போட்டான். அந்த வெள்ளிக்கிழமை கொடி வந்தது. மஞ்சள் கோடு சிவப்பாகிவிட்டது. பாஸிங், பரிதி விட்ட இடத்தில் பாதியில் நின்றது. இனி ஏறாது.

அந்தச் சமயத்தில்தான் பரிதி கண் விழித்தான்.

ஆளைத் தெரிந்தது. சொன்னது புரிந்தது. வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு வரவில்லை. அம்சம் கத்தி அழுதாள், மருதையன் வார்டு முழுக்க எல்லோரையும் கும்பிட்டார். பேச்சு வரவில்லை என்று டாக்டர் சொன்னதும் அரவிந்தனின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாயிற்று. லேசானதை அவனே கவனித்தான். வராந்தா ஓரத்துக்குப் போய் வாந்தி எடுத்தான்.

பொங்கலுக்கு முன்னால் பரிதியை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அரசாங்கத் திட்டத்தில் கட்டிய காங்கிரீட் வீடு, முன்னறையில் கட்டில். வலது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கச் சொல்லிப் பழக்கினார்கள். அம்சம் நாள் தவறாமல் எண்ணெய் தேய்த்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்குவாள். அரவிந்தன் போகும்போதெல்லாம் சொல்வாள். "இந்த வாரம் சுண்டுவெரல் அசைஞ்சுது தம்பி. நானே பாத்தேன்." இன்னொரு நாள், "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா 'ம்'ங்கிறான்." அரவிந்தன் தலையை ஆட்டிக்கொள்வான். அவளுக்கு அவசரமே இல்லை. பரிதி அம்மாவைக் கொண்டு பிறந்தவன் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

பரிதி அவனை எப்படிப் பார்த்தான் என்று அவனால் சொல்ல முடியவில்லை. பார்வையில் கோபம் இல்லை, சிநேகமும் இல்லை. வீட்டுக்கு வந்துபோகிற யாரையும் பார்க்கிற பார்வை. விபத்து நடந்த நாள் எதுவும் ஞாபகம் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரவிந்தன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

விசா வந்துவிட்டது. புதன்கிழமை திருச்சியில் ஃபிளைட். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம், போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தான். பரிதியின் போனை முழுக்கச் சார்ஜ் போட்டு, துடைத்து, எடுத்து வந்திருந்தான். வெளியில் சம்பா அறுப்பு மெஷினின் சத்தம். மருதையன் வயலிலிருந்து வந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்டா" என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான் அரவிந்தன். விளையாட்டைத் திறந்து பரிதியின் இடது கையில் கொடுத்தான். "வீரையனைப் பாரு. இந்தியா டீம்ல இருக்கான். கொடியைப் பாத்தியா?"

மருதையன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "நம்ம வீரையன் சாமி பேராடா இது? இந்தியாவுக்கா வெளையாடுறான்?" என்று சந்தோஷப்பட்டார். அவருக்கு எது மனிதன், எது கம்ப்யூட்டர் என்று புரியவில்லை. மகன் கையில் போனைப் பிடித்திருந்ததே போதுமாக இருந்தது.

பரிதி பார்த்தான். கொடியில் அவன் கண் நிற்கவில்லை. இடது கட்டைவிரல் தட்டுத்தடுமாறி நகர்ந்தது. ஷூட்டிங். அதற்குக் கீழே பாஸிங். அதற்கும் கீழே சிவப்புக் கோடு. அங்கே நின்றான். பிறகு பயிற்சி விவரத்தைத் திறந்தான். வாரம் வாரமாகப் பட்டியல் இருந்தது: பாஸிங், பாஸிங், பாஸிங் என்று நீளமாக வந்து, ஒரு வாரத்தில் திரும்பி, அப்புறம் ஷூட்டிங் ஷூட்டிங் ஷூட்டிங். அவன் விரல் மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. பாஸிங் வரிசைக்குள் எங்கேயோ ஒரு வியாழக்கிழமை இருந்தது.

போனை மடியில் வைத்துவிட்டு அரவிந்தனைப் பார்த்தான். இந்தத் தடவை யாரையும் பார்க்கிற பார்வை இல்லை. முகம் சிவந்தது. வாய் கோணி இழுத்தது. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்து வந்து முட்டியது, வார்த்தையாகவில்லை.

இடது கையைத் தூக்கினான். எதையோ பிடிப்பதுபோல விரல்களை மடக்கினான். மணிக்கட்டைத் திருகினான். ஒரு தடவை, இன்னொரு தடவை, வேகமாக. பிறகு அந்தக் கையை நீட்டி அரவிந்தனின் நெஞ்சில் குத்திக் காட்டினான். தன் நெஞ்சைத் தொட்டான். கையை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோனான். பின்னால். நான் பின்னால்.

"என்னடா? என்ன சொல்ற?" மருதையன் கட்டிலைச் சுற்றி ஓடிவந்தார். "வண்டியா? வண்டியைச் சொல்றியா?"

பரிதியின் தலை ஆடியது. மறுபடி மணிக்கட்டைத் திருகினான். மறுபடி அரவிந்தனைக் காட்டினான். அடுப்படியிலிருந்து வந்த அம்சம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் மகனைப் பார்க்கவில்லை. அரவிந்தனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உங்களைக் காட்டுறானே. என்ன தம்பி சொல்றான்?"

சொல்லலாம். இரண்டே வார்த்தை. அரவிந்தன் வாயைத் திறந்தான். புதன்கிழமை ஞாபகம் வந்தது, அப்பா நெல்லைத் தட்டிவிட்டது ஞாபகம் வந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் மருதையன் கும்பிட்டது ஞாபகம் வந்தது. அந்தக் கும்பிடுக்கு இப்போது என்ன பதில் சொல்வது? அவன் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. வந்த வேகத்தை நினைத்தால் அவனுக்கே பின்னால் அருவருப்பாக இருக்கும்.

"இந்த ப்ளேயரைத்தாம்ப்பா சொல்றான். இவன் ஒரு மாதிரி ட்ரெயினிங் குடுத்துக்கிட்டிருந்தான், நான் அவசரப்பட்டு வேற மாதிரி மாத்திட்டேன். ஏன் மாத்துன, திருப்புங்கிறான். பழையபடி பின்னாடி கொண்டுபோங்கிறான்."

"அட, இவ்வளவுதானா!" மருதையன் மூச்சை விட்டார். சிரித்தேவிட்டார். "வண்டியைச் சொல்றானோன்னு பதறிட்டேன் தம்பி. ஏன்டா, வெளையாட்டுக்கா இவ்வளவு கோவம்? தம்பி மாத்திக் குடுப்பாருடா."

பரிதியின் கை காற்றில் அப்படியே நின்றது. அப்பாவைப் பார்த்தான். அரவிந்தனைப் பார்த்தான். அரவிந்தன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு போனை எடுத்தான். ஷூட்டிங்கை எடுத்துவிட்டுப் பாஸிங் என்று போட்டான். சிவப்புக் கோட்டுக்கு மேல் எதைப் போட்டாலும் ஒன்றுதான், அது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். "மாத்திட்டேன்டா. இந்தா, மாத்திட்டேன் பாரு" என்று திரையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

பரிதி திரையைப் பார்க்கவில்லை. கையை இறக்கிப் போர்வையின் மேல் வைத்துக்கொண்டான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். தொண்டைச் சத்தம் நின்றுவிட்டது. அம்சம் வாசற்படியை விட்டு வந்து, மகனின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ரப்பர் பந்தை விரல்களுக்குள் திணித்தாள். அரவிந்தனுக்கு டீ கொண்டுவர அவள் எழவில்லை. வந்தவருக்கு டீ கொடுக்காத வீடு அல்ல அது.

அரவிந்தனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மருதையன் பதறிப்போனார். இத்தனை வருஷத்தில் அவர் அரவிந்தனைத் தொட்டதில்லை; வயலில் வேலை பார்த்த நாளில் பழகிய தூரம் அது. இப்போது பக்கத்தில் வந்து அவன் முதுகில் கையை வைத்துத் தடவிக்கொடுத்தார்.

"அழுவாதீங்க தம்பி. அவன் கோவம் எவ்வளவு நேரத்துக்கு? ஊருக்குப் போற நேரத்துல கண்ணைக் கசக்கிக்கிட்டு... வெளையாட்டுதானே தம்பி. விடுங்க, வெளையாட்டுதானே."